சாரல் பாஸ்

முஹ்ஸினாவைப் பற்றி எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். என் பெயர் சுடலைமுத்து, தென்காசியில் கூரியர் ஆபீஸ் நடத்துகிறேன். இந்த ஊரில் யாருக்கு என்ன வருகிறது, யாரிடமிருந்து என்ன போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மருந்து வரும், சேலை வரும், செல்போன் வரும், பிடிக்கவில்லை என்று அதே செல்போன் திரும்பிப் போகும். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஆனால் கோயம்புத்தூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஜெய்ப்பூரிலிருந்தும், நூறு வருடத்துக்கு முந்தைய மோட்டார் கார்களின் ஸ்பார்க் பிளக்குகள் பஞ்சில் பொதிந்து இங்கே ஒரு பெண்ணின் பெயருக்கு வருகின்றன. நல்லதா கெட்டதா என்று அவள் சோதித்துச் சொல்ல வேண்டும். வேறு எந்த ஊர்க் கூரியர்காரனாவது இப்படி ஒரு பார்சலைக் கையில் வாங்கியிருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

முதல் பார்சல் வந்தபோது நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் 'பிளக்' என்று எழுதியிருந்தது, வீட்டு எண் மழையில் அழிந்திருந்தது. பிளக் என்றால் எலக்ட்ரிக் கடைக்காகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, கூலக்கடை பஜாரில் ஒரு கடைக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் என் கவுண்டருக்கு முன் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இது சுவத்துல சொருகுத பிளக்கு இல்ல. எஞ்சினுக்குள்ள நெருப்பு வைக்குத பிளக்கு."

"நெருப்பு வைக்குமா? அப்ப இத கூரியர்ல எடுக்கவே கூடாதேம்மா!"

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்து என் பில் கட்டின் மேல் நிறுத்தி வைத்தாள். இன்றைய பிளக்கைவிடப் பெரியது. கீழே மரை, நடுவில் பித்தளை, மேலே அடுக்கடுக்காக ஏதோ வளையங்கள். பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் வரும், இதன் முனையில் பொறி தட்டும், கலவை வெடிக்கும், அந்த வெடியில்தான் வண்டி ஓடுகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். "இது பொறி தட்டலன்னா எம்புட்டுப் பெரிய காரும் தகர டப்பாதான்" என்றாள். வாடிக்கையாளர் வரிசையில் நின்றார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அவள் தென்காசிப் பெண்தான். வாப்பா கைலி வியாபாரி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்து முடித்த கையோடு முகம்மது ரபீக்குக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ரபீக் ஷார்ஜாவில் மெக்கானிக். அங்கே ஒரு பெரிய பணக்காரர், கார் என்ற ஒன்று புதிதாகப் பிறந்த காலத்து வண்டிகளாகத் தேடிப் பிடித்து வாங்கி, ஒரு கொட்டகை நிறைய நிறுத்தி வைத்திருக்கிறாராம். அவற்றை ஓடும் நிலையில் வைத்திருப்பது ரபீக்கின் வேலை.

கல்யாணமாகிச் சில வருடங்கள் வரை முஹ்ஸினாவும் மற்ற வீட்டுப் பெண்களைப் போல வீடியோ காலில் குடித்தனம் நடத்தியவள்தான். ஒருநாள் ரபீக் ஒரு பிளக்கைக் கேமராவுக்கு முன் ஆட்டிக் காட்டிப் புலம்பியிருக்கிறார். வெளியே வைத்துப் பார்த்தால் பொறி ஜோராக வருகிறது, எஞ்சினில் மாட்டினால் செத்துவிடுகிறது, என்ன மாயமோ தெரியவில்லை என்று.

"மாயமும் இல்ல மந்திரமும் இல்ல மச்சான்" என்றாளாம் இவள். "வெளிய காத்து சும்மா கெடக்கு. உள்ள பிஸ்டன் அத அமுக்கி நெருக்கி வச்சிருக்கும். ஆளில்லாத தெருவுல ஓடுதவன் தேரோட்டக் கூட்டத்துல ஓடிருவானா? பொறிக்கும் அதே கததான். நெருக்குன காத்துல வச்சுப் பாத்தாத்தான் அதோட லட்சணம் தெரியும்."

சொன்னதோடு விடவில்லை. லேத் பட்டறைக்குப் போய்க் கனமான பித்தளையில் ஒரு குப்பி கடைந்து வாங்கினாள். ஒரு பக்கம் பிளக்கை முறுக்கி மாட்ட மரை, எதிர்ப்பக்கம் உள்ளே பார்க்கத் தடித்த கண்ணாடி, அடியில் சைக்கிள் பம்ப் செருக ஒரு வால்வு, மேலே காற்றழுத்தம் காட்டும் கடிகாரம். மின்சாரத்துக்கு ஒரு பேட்டரியும் பழைய ஜீப்பின் இக்னிஷன் காயிலும். பிளக்கை மாட்டி, காற்றை அடித்து, கண்ணாடி வழியே பார்ப்பாள். பொறி நீலமாகப் பளிச்சென்று குதித்தால் நல்லது. மஞ்சளாக மினுங்கினால் சந்தேகம். உள்ளே குதிக்காமல் வெளியே பிளக்கின் உடம்பில் ஊர்ந்தால் குப்பை. முதல் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவது நின்றது.

அப்புறம் ஷார்ஜாவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் பையில் இவளுக்குப் பிளக் வர ஆரம்பித்தது. வளைகுடாவிலிருந்து பை வந்தால் எங்கள் ஊரில் சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்துவிடும். பேரீச்சை எடுப்பார்கள், கோடாலித் தைலம் எடுப்பார்கள், சென்ட் எடுப்பார்கள். இவள் பையில் கை விட்டால் துருப்பிடித்த பிளக்குகள். நாத்தனார்கள் முகம் போன போக்கை முஹ்ஸினாவே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்.

ஷார்ஜாக்காரர் தன் கூட்டாளிகளிடம் சொன்னார், அவர்கள் இந்தியாவிலிருக்கும் பழைய கார்க்காரர்களிடம் சொன்னார்கள். பார்சல்கள் நேரே என் ஆபீசுக்கு வரத் தொடங்கின. அந்தக் காலத்துக் கார்களுக்கு அளவான பிளக் இன்று கடையில் கிடைப்பது அரிது. வைத்திருப்பவர்கள் அதைக் கண் போலப் பார்த்துக்கொள்வார்கள். அதில் எது உயிரோடிருக்கிறது, எது செத்தது என்று யாராவது உறுதியாகச் சொல்ல வேண்டும். அந்த யாராவது முஹ்ஸினாதான் என்று ஆகிவிட்டது.

தன்னடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். "நல்லாப் பாத்தியாம்மா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "நல்லாப் பாக்காம பாஸ் சொல்லுத ஆள் வேணும்னா வேற எடம் பாருங்க" என்று பிளக்கைத் திருப்பி நீட்டிவிடுவாள். முடிவை எழுதி அனுப்பும் பழக்கமும் கிடையாது. வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ்தான். ஜெய்ப்பூர்க்காரருக்கும் இதே தமிழ்தான், கடைசி வார்த்தை மட்டும் அவருக்குப் புரிந்தால் போதுமாம்.

அந்தக் கடைசி வார்த்தைதான் இந்தக் கதை. சாரல் பாஸ்.

பழைய பிளக்குகளில் பல, மைக்கா என்கிற அபிரகத்தை வளையம் வளையமாக வெட்டி, அடுக்கி, இறுக்கிச் செய்தவை. உலர்ந்த நாளில் குப்பிக்குள் வைத்தால் நன்றாகத்தான் பொறி தரும். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் கதை மாறும். முஹ்ஸினாவின் வீட்டு மாடி ஜன்னல் மலையைப் பார்த்தது. ஒருமுறை அங்கே மறந்து வைத்த பிளக் மறுநாள் பொறி தர மறுத்தது. வளையங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் ஈரம் போய் உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் எந்த மைக்கா பிளக்கையும் சாரல் காற்றில் இரண்டு ராத்திரி வைக்காமல் பாஸ் சொன்னதில்லை. எங்கள் ஊர்ச் சாரலில் ஊறிய பிறகும் பொறி தருகிற பிளக் எந்த ஊரிலும் காலை வாராது என்பது அவள் கணக்கு. கார்க்காரர்களுக்கும் அந்த வார்த்தை பழகிவிட்டது. சாரல் எப்போது தொடங்கும் என்று கொச்சியிலிருந்து என்னிடம் விசாரிக்கிறார்கள், நான் என்னமோ வானிலை ஆபீஸ் நடத்துவது போல.

இப்போது அச்சன்புதூர் பாண்டியராஜ் அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். ரைஸ்மில் முதலாளி. அவருடைய பாட்டனார் வாங்கிய ஒரு கார், துணிக்கூரையும் பித்தளை விளக்கும் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற எஞ்சினுமாக, மில் கொட்டகையில் கிடந்தது. பெரும் பாடுபட்டு அதை எழுப்பினார். பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து போன வருடம் சீசனில் தென்காசியிலிருந்து ஐந்தருவி வரை ஓர் ஊர்வலம் வைத்தார்கள். இருப்பதிலேயே வயதான வண்டி இவருடையது என்பதால் அதுதான் முன்னால் போக வேண்டும் என்று முடிவானது. அண்ணாச்சிக்குக் கால் தரையில் படவில்லை. வண்டியின் நான்கு பிளக்குகளையும் கழற்றி முஹ்ஸினாவிடம் கொடுத்தார்.

அந்த வருடம் சாரல் வரவில்லை. ஆனி பாதி போயும் வானம் கழுவி விட்டது போல் கிடந்தது. அருவியில் தண்ணீர் இழைகட்டி ஒழுகியது. சீசன் கடை போட்டவர்கள் ஈ ஓட்டினார்கள். பாண்டியராஜ் அண்ணாச்சி அவளுக்குப் போன் மேல் போன் போட்டார்.

"ஏம்மா, நாலு பிளக்கப் பாக்கதுக்கு எத்தன நாளு? தேதி குறிச்சாச்சு. கலெக்டர் ஆபீஸ்ல இருந்தெல்லாம் வருதாவ."

"சாரல் வரணும் அண்ணாச்சி."

"அது வந்தா வருது, வராட்டிப் போவுது. நீ பாஸ் சொல்லு!"

கடைசியில் அவள் ஒரு காரியம் செய்தாள். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலை எடுத்து நான்கு பிளக்குகள் மேலும் பீய்ச்சி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, மறுநாள் குப்பியில் மாட்டிப் பார்த்தாள். பார்சல் கொடுக்கப் போன நானும் அப்போது அங்கே இருந்தேன். நான்கிலும் பொறி நீலமாகக் குதித்தது. அதே கையோடு, வேறு ஊர்களிலிருந்து வந்து காத்துக் கிடந்தவற்றையும், ஷார்ஜா பிளக்குகளையும் ஸ்பிரே அடித்தே சோதித்தாள். போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். எப்போதும் அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். அன்று உயர்த்தவில்லை.

ஊர்வலத்தன்று காலையில் கண் விழித்தால், மலையே தெரியவில்லை. சாரல் வந்துவிட்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தது.

கோயில் வாசலிலிருந்து வண்டிகள் கிளம்பின. முதலில் பாண்டியராஜ் அண்ணாச்சியின் கார். ஓட்டியவர் கடற்கரை, அவரிடம் ரொம்பக் காலமாக டிரைவராக இருப்பவர். அண்ணாச்சி பட்டு வேட்டியில் பக்கத்தில் அமர்ந்து மாப்பிள்ளை போலக் கையசைத்துக்கொண்டு வந்தார். பின்னால் முஹ்ஸினா ஸ்கூட்டரில் வந்தாள். அவளுக்குப் பின்னால் நான், பித்தளைக் குப்பியும் பேட்டரியும் இருந்த பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு. நான் ஏன் போனேன் என்றால், அவள் பாஸ் சொன்ன பிளக்கில் அந்த வண்டி ஓடுவதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

குற்றாலம் வரை கார் கம்பீரமாக வந்தது. சாரல் வந்த சேதி கேட்டு ஜனம் கூடிவிட்டிருந்தது. தலையில் துண்டும் கையில் சிப்ஸ் பொட்டலமுமாக ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று போனில் படம் பிடித்தார்கள். ஐந்தருவி ரோட்டு ஏற்றத்தில் கார் ஒருமுறை இருமியது. பிறகு நொண்டியது. நான்கில் ஒரு சிலிண்டர் போய்விட்டது, மிச்சம் மூன்றுக்கு அந்த ஏற்றத்தை இழுக்க வலுவில்லை. நடுரோட்டில் நின்றுவிட்டது. அதன் பின்னால் மற்ற பழைய கார்கள், அவற்றுக்குப் பின்னால் வேன்கள், பஸ், எல்லோரும் ஹார்ன்.

பாண்டியராஜ் அண்ணாச்சி இறங்கினார். பட்டு வேட்டி நனைந்து காலில் ஒட்டியது. போனை எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்குவதற்குள், அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துவிட்டார். முஹ்ஸினாவின் குரல் ரோடு முழுக்கக் கேட்டது. "அண்ணாச்சி, நாலும் சாரல் பாஸ். தைரியமா வண்டிய எடுங்க."

"கேட்டீங்களாவே? சாரல் பாஸாம்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "சாரல்லதான நிக்கி இப்ப!"

நான் பதில் சொல்லப் போனேன். முஹ்ஸினா என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, காரின் அருகே போனாள். கடற்கரை அண்ணாச்சி எஞ்சின் மூடியைத் திறந்தார். அவள் விரல் நுனியால் பிளக்குகளைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று சுட்டன. ஒன்று அப்படிச் சுடவில்லை. வேலை செய்யாத பிளக் அதுதான். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு எதிரேயிருந்த டீக்கடைக் கூரைக்குள் வந்தோம். முதலாளி, டிரைவர், கூட்டத்தில் பாதி, எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பிளக்கின் மேல்பாகம் பளபளவென்றிருந்தது. மோந்து பார்த்தாள்.

"எண்ணெய்" என்றாள்.

கடற்கரை அண்ணாச்சியின் முகம் வெளிறியது. குற்றாலத்துக்கு வருகிற யாரும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். முதல் நாள் வழி பார்க்க வண்டியை ஓட்டி வந்தவர், மாலையில் எண்ணெய் மசாஜ் போட்டு அருவியில் குளித்திருக்கிறார். அந்தக் கையோடு, ஊர்வலத்தில் மூடியைத் திறந்து காட்டும்போது மினுங்கட்டும் என்று பிளக்குகளைத் துடைத்தும் வைத்திருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கில் சாரலும் சேர்ந்தால், பொறிக்குப் போக வேண்டிய மின்சாரம் பிளக்கின் மேலாகவே ஊர்ந்து போய்விடலாம். கூடியிருந்தவர்களில் விவரம் தெரிந்த இரண்டு பேர் அதை உடனே எடுத்துச் சொல்லவும் செய்தார்கள்.

"லே கடற்கரை!" என்று பாண்டியராஜ் அண்ணாச்சி திரும்பினார். "எண்ணெயத் தேச்சது போதாதுன்னு எஞ்சினுக்கும் தேச்சியால? நாளையில இருந்து நீ மில்லுப் பக்கம் வராத!"

"மொதலாளி, அறியாமச் செஞ்சிட்டேன்..." என்று அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கடற்கரை பாவம்தான், ஆனாலும் முஹ்ஸினாவின் பெயர் தப்பித்துவிட்டதே. அவள் காதருகே குனிந்து, "எண்ணெய்தான்னு சொல்லிரும்மா. முடிஞ்சு போச்சு" என்றேன். அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒரு துணியில் பெட்ரோலை நனைத்து, எண்ணெய்ச் சுவடே இல்லாமல் பிளக்கைத் துடைத்தாள். இன்னொரு உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். குப்பியில் மாட்டினாள். காற்று அடிக்காமல் முதலில் பார்த்தாள். பொறி இருந்தது. பிறகு சைக்கிள் பம்பை என்னிடம் நீட்டினாள். நான் அடித்தேன். கடிகார முள் ஏற ஏற, நீலம் மஞ்சளானது, மஞ்சள் மினுக்கானது, அப்புறம் ஒன்றுமே இல்லை.

அந்தக் கண்ணாடி சின்னது. அவளும் நானும்தான் பார்த்தோம். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் வாயைத் திறக்காமல் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டிருந்தால், இன்றைக்கும் அது கடற்கரையின் எண்ணெயாகவே இருந்திருக்கும். நான் உயிர் போனாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

முஹ்ஸினா நிமிர்ந்தாள். முக்காட்டைச் சரி செய்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறவள் போல் நேராக நின்றுகொண்டு சொன்னாள்.

"எண்ணெய் இல்ல. எண்ணெயத் தொடச்ச பொறவும் பொறி வரல. ஈரம் மைக்காவுக்குள்ள போயிருக்கு. இந்த வருசம் சாரல் வரலன்னு ஸ்பிரே பாட்டில்ல தண்ணி அடிச்சுச் சோதிச்சேன். அது மேல நனைக்கும், உள்ள போவாது. சாரல் பாக்காம சாரல் பாஸ் சொன்னது நான். கடற்கரை அண்ணாச்சி மேல தப்பு ஒண்ணும் கெடையாது."

பாண்டியராஜ் அண்ணாச்சி கடற்கரையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவசரப்படுத்தியது யார் என்று அவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை என்பதையும் அவர் கவனித்திருப்பார்.

அவள் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாள். அந்தக் காலத்துப் பிளக்கை ஸ்பேனர் போட்டால் இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்து, மைக்கா பாகத்தை டீக்கடை அடுப்பின் விளிம்பில் பால் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டிப் புரட்டிக் காய வைத்தாள். மறுபடி பூட்டி, மறுபடி குப்பியில் மாட்டி, நான் மறுபடி காற்றடித்தேன். முள் ஏறியது. நீலம் நின்றது. பாண்டியராஜ் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னாள்.

"இன்னைக்கு ஐந்தருவி போயிரும். வீட்டுக்கும் திரும்பிரும்" என்றாள். "ஆனா இது பாஸ் இல்ல அண்ணாச்சி. நாளைக்கு நாலையும் கழத்தி எனக்கு அனுப்பிருங்க."

பிளக்கை மாட்டினார்கள். கடற்கரை ஹேண்டிலைச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் கார் உறுமிக் கிளம்பியது. ஜனம் கை தட்டியது. அது காருக்குத் தட்டிய கையா, இவளுக்கா என்று எனக்குத் தெரியாது. நான் இவளுக்காகத் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன்.

அவள் கை தட்டவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்து, அந்த மாதம் பாஸ் சொல்லி அனுப்பிய ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த பாஸ் செல்லாது, பிளக்குகளைத் திருப்பி அனுப்புங்கள், சாரலில் வைத்து மறுபடி பார்க்கிறேன் என்று. ஷார்ஜாவுக்கும் ஒன்று போனது. ரபீக் உடனே கூப்பிட்டுவிட்டார். என் காதுக்கே கேட்டது.

"முஹ்ஸினா, மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"என் பொண்டாட்டி தப்பாப் பாத்துட்டா, அவளே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டான்னு சொல்லுங்க மச்சான். உள்ளதத்தான சொல்லுதோம்."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் எனக்குப் பொறுக்கவில்லை. "எண்ணெய்னு சொல்லிருந்தா இந்த ரோதன எதுவும் இல்ல. பேரக் கெடுத்துக்கிட்டியேம்மா" என்று திட்டினேன். சாரலில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"கடற்கரை அண்ணாச்சிக்கு வேல போயிருக்கும். அது ஒண்ணு. இன்னொண்ணு, பாஸுங்கது என் வார்த்த அண்ணாச்சி. நான் உண்டாக்குன வார்த்த. அத நானே பொய்யாக்கிட்டு அப்புறம் எதச் சொல்லி என்னயப் பெரிய ஆளுன்னு பீத்திக்கிடுவேன்?"

அவள் பீற்றிக்கொள்ளாத ஒரு முஹ்ஸினாவாக ஆவதை நானும் விரும்பவில்லை.

பார்சல்கள் திரும்பி வந்தன. எல்லாமே வந்துவிட்டன என்று கதை கட்ட மாட்டேன். ஜெய்ப்பூர்க்காரர் பிளக்கையும் அனுப்பவில்லை, அதன் பிறகு இன்றுவரை எதையும் அனுப்பவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கோபமாக நாலு வார்த்தை எழுதித்தான் அனுப்பினார். ஷார்ஜா முதலாளி ரபீக்கிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பிளக்குகளைக் கொடுத்தனுப்பினார், அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று முஹ்ஸினாவுக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஆடி முழுவதும் அவள் மாடி ஜன்னலில் பிளக்குகள் வரிசையாகச் சாரல் குடித்தன. பாதிக்குப் பாதி தேறவில்லை. பாஸ் சொல்லும்போது எப்படி நிமிர்ந்து சொல்வாளோ அதே குரலில், ஒன்று விடாமல், ஃபெயில் என்று சொல்லி அனுப்பினாள். பாண்டியராஜ் அண்ணாச்சியின் நான்கில் ஒன்று ஃபெயில். அவர் வேறொன்று தேடி வாங்கிக்கொண்டார், எதுவும் பேசவில்லை. அவருக்கு இவள் மேல் மனஸ்தாபம் தீரவில்லை என்றுதான் நான் நினைத்தேன். நடுரோட்டில் நின்ற வீடியோ அச்சன்புதூர் முழுக்கச் சுற்றியிருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் அவரே என் ஆபீசுக்கு வந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்த நேரம் முஹ்ஸினாவும் பார்சல் வாங்க வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் கவுண்டரில் வைத்தார். பிரித்தால் நான்கு பிளக்குகள், முந்தையவற்றைவிடப் பழையவை. வேறொரு கார் வாங்கியிருக்கிறாராம், நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டிலிருந்து. தை மாதம் மதுரையில் கண்காட்சியாம்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மைக்கா" என்றாள். "சாரல்ல வைக்கணும் அண்ணாச்சி."

அவர் வெளியே மழையைக் காட்டினார். "இந்தா கொட்டுதே."

"இது மழ. மேல விழும், வழிஞ்சு போயிரும். சாரல் அப்படி இல்ல, வந்து உள்ள உக்காரும். ஆனி வரணும்."

"அப்ப தைக்கு?"

"தைக்கு முடியாது."

இந்த மனிதர் சாரல் வந்தால் வருகிறது, வராவிட்டால் போகிறது என்று கத்தியவர். மதுரையில் வேறு பிளக் பார்த்துக்கொள்வேன் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பாண்டியராஜ் அண்ணாச்சி பிளக்குகளையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான்கு பிளக்குகளையும் அவள் பக்கம் தள்ளினார்.

"மதுரைக்கு அடுத்த வருசம் போயிக்கிடுதேன்" என்றார். "நீ ஆனியில பாத்துட்டுச் சொல்லு தாயி."

குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.